பி. சிவராமன் ஐ.சி.எஸ்.: பசுமைப் புரட்சியின் கோப்புகளை நகர்த்தியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசுமைப் புரட்சி என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒன்று, அமைச்சர் சி. சுப்பிரமணியம். இன்னொன்று, விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். அதே காலத்தில் மத்திய வேளாண் துறைச் செயலாளராக இருந்த பி. சிவராமனைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் "யார் அவர்?" என்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் வேளாண் கல்லூரி மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சிவராமன் யார், சுருக்கமாக?

1930களில் ஐ.சி.எஸ். பணியில் (இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முன்னோடியான ஆங்கிலேயர் கால ஆட்சிப் பணி) சேர்ந்த தமிழர். ஒடிசாவில் வேலை பார்த்து அந்த மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். 1965-ல் டெல்லியில் மத்திய வேளாண் துறைச் செயலாளர், 1969 ஜனவரியில் மத்திய அரசு அதிகாரிகளில் உச்சப் பதவியான கேபினட் செயலாளர். பிறகு தேசிய வேளாண்மை ஆணையத்தின் துணைத் தலைவர், திட்டக் குழு உறுப்பினர். ஊரகக் கடனுக்கான தேசிய வங்கியான நபார்டு பிறப்பதற்குக் காரணமான குழுவின் தலைவரும் இவர்தான். 1971-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

அவர் பொறுப்பேற்றபோது நாட்டின் நிலைமை எப்படி இருந்தது?

மோசமாக இருந்தது. 1964-65-ல் 8.9 கோடி டன் உணவு தானியம் விளைந்தது. அடுத்த ஆண்டு பருவமழை பொய்த்து 7.2 கோடி டன்னுக்கு இறங்கிவிட்டது. 1966-லும் மழை ஏமாற்றியது, பீகாரில் பஞ்சம் வந்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். பிரதமர் சாஸ்திரி வாரத்துக்கு ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார்.

அமெரிக்காவின் உணவு உதவித் திட்டமான பி.எல். 480-ல் கோதுமை வந்துகொண்டிருந்தது. ஆனால் அதிபர் ஜான்சன் நீண்ட கால ஒப்பந்தம் போட மறுத்து, சில மாதங்களுக்குத் தேவையானதை மட்டும் அளந்து அளந்து அனுப்பினார். 1966-ல் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி ஆனது. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு என்றைக்கு வரும் என்று பார்த்துத்தான் ரேஷன் கடைக்கு அரிசி, கோதுமை ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் வேளாண் செயலாளர் நாற்காலி யாரும் ஆசைப்படக்கூடிய இடமாக இருந்திருக்காது.

விதையை உருவாக்கியது விஞ்ஞானிகள். முடிவெடுத்தது அமைச்சர். நடுவில் ஒரு செயலாளருக்கு என்ன வேலை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விடையும் சற்று நீளம்.

ஒரு புதிய கோதுமை ரகம் நல்லது என்று விஞ்ஞானி சொல்கிறார், அமைச்சர் தலையாட்டுகிறார். அதோடு ஒன்றும் நடந்துவிடாது. விதை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், அதற்கு நிதி அமைச்சகம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டுத் திட்டத்தில் அந்தச் செலவுக்கு இடம் இருக்கிறதா என்று திட்டக் குழு கேட்கும். வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருப்பதால் பஞ்சாப், உத்தரப் பிரதேசம், மதராஸ் அரசுகளைத் தனித்தனியாகச் சம்மதிக்க வைக்க வேண்டும். உரத்தை ஏற்றிச் செல்ல ரயில்வே வேகன் ஒதுக்க வேண்டும். விளைச்சல் கூடினால் அதை வாங்கி வைக்கக் கிடங்கு வேண்டும். இதில் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்பும் நாலு மேசை ஏறி இறங்கும்.

இதில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் உண்டு. கோதுமை நவம்பர் வாக்கில் விதைக்கப்படும் பயிர். நிதித் துறை ஒரு விளக்கம் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பி, அது மறுபடி மேலே போவதற்குள் டிசம்பர் ஆகிவிட்டால் தாமதம் ஒரு மாதத்தோடு முடியாது. ஒரு முழு ஆண்டு போய்விடும். மற்ற துறைச் செயலாளர்களுக்கு இந்த நெருக்கடி கிடையாது. பாலம் ஒரு மாதம் தாமதமாகத் தொடங்கினால் ஒரு மாதம் தாமதமாக முடியும், அவ்வளவுதான். பருவத்துக்குள் ஒப்புதல் வாங்கிவிடுவதுதான் வேளாண் செயலாளரின் உண்மையான திறமை. ஒரு மாநிலத்தின் நிர்வாகத்தை மாவட்ட மட்டத்திலிருந்து பார்த்துப் பழகியவருக்கு, கோப்பு எங்கே தேங்கும் என்பதும் யாரைப் பிடித்தால் நகரும் என்பதும் தெரியும். சிவராமனிடம் அந்த அனுபவம் இருந்தது.

18,000 டன் விதை இறக்குமதி பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

மெக்சிகோவில் அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் குழு உருவாக்கிய குட்டை ரகக் கோதுமைகள் லெர்மா ரோஹோ 64, சொனோரா 64 ஆகியவை. நம் நாட்டு ரகங்கள் நெடுநெடுவென்று வளரும். உரம் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது, போட்ட உரமெல்லாம் தானியமாகும். 1965-ல் சில நூறு டன் வந்தது. மெக்சிகோ கிடங்கில் பூச்சிக்காக அளவுக்கு மீறிப் புகை மருந்து போட்டதில் முளைப்புத் திறன் பாதியாகக் குறைந்துவிட்டது. இருமடங்கு விதை போட்டு ஈடுகட்டினார்கள். அப்படியும் விளைச்சல் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

அதன் பிறகுதான் பெரிய முடிவு. 1966-ல் 18,000 டன் விதை வாங்கினார்கள். அதுவரை எந்த நாடும் ஒரே தடவையில் இவ்வளவு விதை வாங்கியதில்லை என்பார்கள். ஏக்கருக்கு 40 கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலரை லட்சம் ஏக்கருக்குப் போதும். கையில் டாலர் இல்லை. அதே ஆண்டு ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். சாப்பிடக் கோதுமை வாங்கவே காசில்லாத நாடு விதைக்குச் செலவு செய்யலாமா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. உள்நாட்டில் விதையைப் பெருக்கிக்கொள்ளலாமே என்பது மாற்று யோசனை. பெருக்கலாம்தான், ஆனால் சில ஆண்டுகள் பிடிக்கும். சுப்பிரமணியமும் அவருடைய துறையும் அந்த ஆண்டுகளை விலைக்கு வாங்க முடிவு செய்தார்கள். என் பார்வையில், அந்தக் காலகட்டத்தில் செலவழித்த அந்நியச் செலாவணியில் இதைவிட லாபமாகப் போன தொகை இருக்க முடியாது.

விதை வந்து இறங்கியதும் வேலை முடியவில்லை. குட்டை ரகத்தை ஆழமாக விதைத்தால் முளை மண்ணுக்கு மேலே வராது, ஐந்து சென்டிமீட்டர் அளவுதான் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஆழ உழுது விதைத்த விவசாயிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் தண்ணீர் எத்தனையாவது நாள், உரம் எப்போது எவ்வளவு என்பதெல்லாம் மாறிப்போனது. தானியம் வேறு சிவப்பாக இருந்தது. சப்பாத்தி நிறம் பிடிக்காமல் சந்தையில் விலை குறைத்துக் கேட்டார்கள். பிறகு நம் விஞ்ஞானிகள் கல்யாண் சோனா, சோனாலிகா ரகங்களைக் கொண்டுவந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

எதிர்த்தவர்கள் யார்?

நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, முதலில். 1964, 65-ல் விவசாயிக்கு நல்ல விலை தர வேண்டும் என்று சுப்பிரமணியம் சொன்னபோது, பணவீக்கம் ஏறும், செலவு தாங்காது என்றார் டி.டி.கே. (டெல்லியில் இரண்டு தமிழர்கள் எதிரெதிரே உட்கார்ந்து கோதுமை விலைக்காக மல்லுக்கு நின்றது ஒரு வேடிக்கைதான்.) நிலச் சீர்திருத்தம் செய்யாமல் வசதியுள்ள விவசாயிக்கு உரமும் விதையும் கொடுத்தால் ஏற்றத்தாழ்வு பெருகும் என்று இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அமெரிக்க நிறுவனங்களின் யோசனை என்பதே சிலருக்கு ஆகவில்லை. இதில் இரண்டாவது எதிர்ப்பு வீண் கூச்சல் அல்ல. அதற்குக் கீழே வருவோம்.

உரத்தில் சிவராமனின் பங்கு என்ன?

அவர் பெயராலேயே அழைக்கப்படும் உரக் குழு 1965-ல் அறிக்கை தந்தது. அப்போது உரம் என்பது அரசுச் சரக்கு. 1944-ல் தொடங்கிய மத்திய உரத் தொகுப்புதான் வாங்கி, விலை வைத்து, மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம் வழியாகவே விவசாயிக்குப் போய்ச் சேரும். சங்கத்தில் இருப்பு இல்லை என்றால் இல்லைதான். புதிய ரகங்களுக்கு வேண்டிய அளவைப் பார்த்தால் அந்த ஏற்பாடு தாங்காது. குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 1966-ல் உற்பத்தியாளர்கள் தங்கள் உரத்தில் பாதியைத் தாங்களே விற்கலாம் என்று விட்டார்கள். 1969-ல் மீதிக் கட்டுப்பாடும் போனது. கிராமத்துக் கடைத்தெருவில் உரக்கடைகள் பெருகியதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இந்திய உணவுக் கழகமும் இவர் காலத்தில்தானே வந்தது?

அது சற்று முன்னால். எல்.கே. ஜா தலைமையிலான குழு சொன்னதன்பேரில் உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் 1965 ஜனவரியில் தொடங்கின. உணவுக் கழகம் பிறந்த நாள் ஜனவரி 14, பொங்கல். முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். குறைந்தபட்ச ஆதரவு விலையையும் கொள்முதலையும் நடைமுறையில் ஓடவிடும் வேலை சிவராமன் இருந்த துறையின் தலையில் விழுந்தது.

சி. சுப்பிரமணியம் 1967 தேர்தலில் தோற்றுவிட்டாரே, அப்புறம் என்ன ஆனது?

சிவராமனின் முக்கியத்துவம் விளங்குவது இங்கேதான். கோபிசெட்டிபாளையத்தில் சுப்பிரமணியம் தோற்றார். வேளாண்மை ஜெகஜீவன் ராமிடம் போனது. அதற்கு முன்பே 1966 ஜனவரியில் சாஸ்திரி காலமாகிவிட்டார், இந்திரா காந்தி பிரதமர் ஆகியிருந்தார். அதாவது திட்டத்தைத் தொடங்கிய பிரதமரும் இல்லை, அமைச்சரும் இல்லை. அதிக விளைச்சல் ரகத் திட்டம் 1966-67-ல்தான் முறையாகத் தொடங்கியிருந்தது, 1970-71-க்குள் 3.25 கோடி ஏக்கர் என்ற இலக்கோடு. புதிய அமைச்சர் வந்ததும் பழையவரின் திட்டம் தூசி படிந்து போவது நம் அரசாங்கங்களில் புதிதல்ல.

இங்கே அப்படி ஆகவில்லை. செயலாளர் அதே செயலாளர். ஜெகஜீவன் ராமும் கொள்கையை மாற்றவில்லை. 1968 வசந்தத்தில் அறுவடை ஆன கோதுமை 1.65 கோடி டன். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நல்ல அறுவடை 1.23 கோடி டன்தான். பஞ்சாபில் கிடங்கு போதாமல் பள்ளிக்கூடக் கட்டடங்களில் கோதுமையைக் கொட்டி வைத்தார்கள். அந்த ஆண்டு கோதுமைப் புரட்சிக்கு அஞ்சல் தலை வெளியிட்டார்கள். 1970-71-ல் 2.38 கோடி டன். விதை போட்ட அமைச்சர் அறுவடையின்போது பதவியில் இல்லை.

நெல்லுக்கு இந்த வேகம் ஏன் வரவில்லை?

கோதுமை குளிர்காலப் பயிர். பஞ்சாபில் பாசன வசதி இருந்தது, பூச்சித் தொல்லை குறைவு. நெல் மழைக்காலத்தில் விளைவது, ஊருக்கு ஊர் மண்ணும் தண்ணீரும் மாறும், பூச்சியும் நோயும் அதிகம். ஆனால் நெல் தூங்கிக்கொண்டிருந்தது என்பதும் சரியல்ல. தஞ்சாவூர் 1960லேயே தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட முதல் மாவட்டங்களில் ஒன்று. குறுவையில் ஆடுதுறை 27 நெல் ரகம் வேகமாகப் பரவியது. ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகம் பிறகு வந்தது.

ஏழை விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் என்ன கிடைத்தது? நிலத்தடி நீர் வற்றியதற்கு இவர்கள் பொறுப்பில்லையா?

பொறுப்பு உண்டு. தண்ணீரும் கடனும் கைக்கெட்டிய விவசாயியிடம்தான் புதிய விதை முதலில் போனது. தெரிந்தே எடுத்த முடிவு அது. தானியம் உடனே வேண்டும், அது எங்கே சீக்கிரம் விளையுமோ அங்கே பணத்தைப் போடு என்பதுதான் கொள்கை. 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவில். அது நடந்தது தீவிர வேளாண் திட்டம் ஓடிய அதே தஞ்சை மண்ணில். 1969-ல் மத்திய உள்துறையே வேளாண் பகுதிகளில் ஏன் பதற்றம் கூடுகிறது என்று ஓர் ஆய்வு எழுதியது. விளைச்சலின் பலன் சமமாகப் போகவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது.

நிலத்தடி நீர் கதை வேறு. பஞ்சாபில் கோதுமைக்குப் பின்னால் நெல்லும், இலவச மின்சாரமும், தடையில்லாத கொள்முதலும் சேர்ந்து வந்தது பிற்காலத்தில். 1966-ல் ஒப்புதல் போட்டவரை அதற்கெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவசரத்துக்குப் போட்ட ஏற்பாட்டை ஐம்பது ஆண்டு மாற்றாமல் வைத்திருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேபினட் செயலாளராக என்ன செய்தார்?

1969 ஜனவரி முதல் 1970 நவம்பர் வரை இருந்தார். 14 வங்கிகள் நாட்டுடைமையானதும் காங்கிரஸ் பிளந்ததும் அந்தக் காலத்தில்தான். கேபினட் செயலாளரின் வேலை வெளியே தெரியாமல் இருப்பது. வேளாண் செயலாளராக இருந்து அந்த இடத்துக்குப் போனார் என்பதைக் கவனியுங்கள். உள்துறை, நிதி, பாதுகாப்புத் துறைகளுக்கு இருக்கும் மவுசு வேளாண் துறைக்கு அன்றைக்கும் கிடையாது.

நபார்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

தமிழ்நாட்டு விவசாயியை நேரடியாகத் தொட்டது சிவராமனின் இந்த வேலைதான். பயிர்க்கடன் வேண்டுமென்றால் ஊர் சொசைட்டிக்குப் போக வேண்டும். கிணறு வெட்ட, பம்பு செட் போட நீண்ட காலக் கடன் வேண்டுமென்றால் நிலவள வங்கி. ஒரே நிலம், ஒரே ஆள், இரண்டு வாசல். மேலேயும் அப்படித்தான். குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் வேளாண் கடன் துறை, முதலீட்டுக் கடனுக்கு வேளாண் மறுநிதிக் கழகம். 1969-க்குப் பிறகு வணிக வங்கிகளும் 1975 முதல் வட்டார கிராமிய வங்கிகளும் சேர்ந்துகொண்டன. யார் யாரைக் கண்காணிப்பது என்பதே குழப்பம்.

1979 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்தது, தலைவர் சிவராமன். பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு நவம்பரிலேயே இடைக்கால அறிக்கை வந்தது. ஊரக வளர்ச்சிக் கடனுக்கென்று தேசிய அளவில் தனி வங்கி ஒன்று வேண்டும் என்றது அது. எட்டு மாதத்தில் ஓர் அறிக்கை என்பது அரசுக் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1981-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, 1982 ஜூலை 12-ல் 100 கோடி ரூபாய் மூலதனத்தோடு நபார்டு தொடங்கியது. ரிசர்வ் வங்கி வைத்திருந்த வேளாண் கடன் பணிகளும் மறுநிதிக் கழகமும் அதற்குள் வந்தன. 1992-ல் மகளிர் சுயஉதவிக் குழுக்களை வங்கியோடு இணைத்த திட்டமும் 1998-ல் வந்த கிசான் கடன் அட்டையும் அந்த நிறுவனத்தின் வழியாக வந்தவை.

வேறு குழுக்கள்?

1970-ல் அமைத்த தேசிய வேளாண்மை ஆணையம் 1976-ல் 15 பாகங்களில் அறிக்கை தந்தது. சமூகக் காடுகள் திட்டம் நாடெங்கும் பரவ அது ஒரு காரணம். 1978-ல் பின்தங்கிய பகுதிகள் வளர்ச்சிக்கான தேசியக் குழுவுக்கும் சிவராமன் தலைவரானார். ஆலை வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு பகுதியைப் பின்தங்கியது என்று சொல்லாமல், இயற்கையும் சமூகமும் காரணமான ஆறு வகைகளை அந்தக் குழு எடுத்துக்கொண்டது: தொடர் வறட்சி, பாலைவனம், பழங்குடிப் பகுதி, மலை, தொடர் வெள்ளம், உப்புநீர் புகும் கடற்கரை. பசுமைப் புரட்சி எட்டாத நிலங்களின் பட்டியல் போலவே இருக்கிறது. முதலில் விளையும் இடத்துக்குப் பணம் கொடுத்தவர், கடைசியில் விளையாத இடங்களைப் பற்றி எழுதினார். வேண்டுமென்றே அமைந்ததா என்று சொல்ல முடியாது, ஆனால் அப்படி அமைந்தது.

அவர் பெயர் ஏன் பரவலாகத் தெரியவில்லை?

அதிகாரி மேடை ஏறுவதில்லை. சுப்பிரமணியத்துக்கு 1998-லும் சுவாமிநாதனுக்கு 2024-லும் பாரத ரத்னா கிடைத்தது. வேளாண் செயலாளரின் வேலை ஆவணக் காப்பகத்தில் குறிப்புகளாகக் கிடக்கிறது. ஒடிசாப் பணி என்பதால் தமிழ்நாட்டில் ஊர்க்காரர் என்று கொண்டாடவும் ஆளில்லாமல் போனது.

இன்று இந்தப் பாதையில் போக என்ன வழி?

ஐ.ஏ.எஸ். தேர்வுதான் நேரான வழி. வேளாண்மையை விருப்பப் பாடமாக எடுக்கலாம், கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் துறைக்கு மேலே இருப்பவர் வேளாண் உற்பத்தி ஆணையர், அவரே அரசுச் செயலாளரும். இது ஐ.ஏ.எஸ். பதவி. வேளாண் பட்டதாரிகள் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மை அலுவலராகச் சேர்ந்து உதவி இயக்குநர், இணை இயக்குநர் என்று உயரலாம். ஆராய்ச்சி பக்கம் போக வேண்டுமென்றால் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் தேர்வு தனி. சுவாமிநாதன் இளவயதில் ஐ.பி.எஸ். கிடைத்தும் அதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போனவர். பின்னாளில், 1979-ல், அவரே மத்திய வேளாண் துறைச் செயலாளராகவும் உட்கார்ந்தார்.